பந்தை வாங்கிக்கொள்ள ஒருத்தி

பந்து என் கிளவுஸில் விழும் சத்தம் மாறிவிட்டது.

அதுவரை 'டம்' என்று விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளங்கை எரியும். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 'தொப்' என்றது. மைதானத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கேட்சர் என்ற பெயரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தில் கம்பி மாஸ்க் மாட்டிக்கொண்டு, வருகிற பந்தையெல்லாம் கையில் வாங்குகிறவளுக்குத்தான் அது தெரியும். வீசுகிறவளுக்கே அப்புறம்தான் தெரியும்.

வீசிக்கொண்டிருந்தவள் நாகவேணி. எங்கள் மாவட்டப் பெண்கள் பேஸ்பால் அணியின் பிச்சர், அதாவது பந்து வீசுகிறவள். அன்று இறுதி ஆட்டம். ஓசூரில் ஒரு பள்ளி மைதானம், செம்மண் தரை, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஹைவே. பெண்கள் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் ஒரு அணியின் முறை முடிந்தது. நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம்.

'டைம்' கேட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"என்னாடி, கை வலிக்குதா?"

"ஏனில்லக்கா."

ஒன்றுமில்லை என்கிறாள். அவள் வீட்டில் கன்னடம். உண்மை பேசும்போது தமிழில் பேசுவாள், மறைக்கும்போது கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். வலது முழங்கையை இடது கையால் பிடித்திருந்தாள். நான் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

மைதானத்தின் ஓரம், மாற்று பிச்சர்கள் கை சூடு செய்துகொள்ளும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் கேனும் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும் கிடந்தன. ஆள் இல்லை.

கொட்டாய்

போன வாரம் ஹாஸ்டலில் காலைக் குளியலுக்கு நிற்கும் வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "குளியல், சாப்பாடு எல்லாம் சரி, நீங்கள் ஏதோ விளையாடினீர்களாமே, அதை எப்போது எழுதுவீர்கள்?" என்று கேட்டிருந்தார். இதோ எழுதுகிறேன். ஆனால் கோப்பை வாங்கிய கதையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். என்னிடம் இருப்பது கவலைப்பட்ட கதை. கம்பெனியில் என் பெயரே கவலை ராஜி.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். போவார், வருவார், நடுவில் பவுண்டரியில் நின்று இளைப்பாறுவார். இங்கே அது கிடையாது. ஒரு பிச்சர் தொடங்கினால் அவள்தான் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கிவிட்டால் அன்றைக்கு அவள் திரும்ப ஏறி வீச முடியாது. அதனால் எப்போது இறக்குவது, அவள் கையிலிருந்து பந்தை யார் வாங்கிக்கொள்வது என்பதுதான் பாதி ஆட்டம்.

அப்படி வாங்கிக்கொள்ளத் தயாராகக் காத்திருப்பவர்களின் இடத்துக்கு இங்கிலீஷில் புல்பென் என்று பெயர். அந்த இடத்துக்கும் அதுதான் பெயர், அந்தக் கூட்டத்துக்கும் அதுதான் பெயர். காளைகளை அடைக்கும் பட்டி என்று அர்த்தமாம். எங்கள் கோச் சுந்தரி டீச்சர் இதைச் சொன்ன அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. அன்றிலிருந்து எங்களுக்கு அது கொட்டாய். "கொட்டாய்ல யாரு இருக்கா?", "நீ கொட்டாய்க்குப் போ". வெளி மாவட்டத்து அணிக்காரர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த வருடம் எங்கள் கொட்டாயில் இருந்தது இரண்டே பேர். கௌரம்மா, சத்யா. முந்தின நாள் அரையிறுதியைக் கடைசி வரை நின்று முடித்துக் கொடுத்தது கௌரம்மாதான். இன்று அவள் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் சத்யா. அவளுக்கு அன்று வாராந்தர விடுமுறை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் யாரோ வராமல் போக, ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால்தான் உண்டு.

நாங்கள் எல்லோரும் ஒரே கம்பெனி. எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் இடம். நான் ஒரு லைனுக்கு லீடர். சத்யா இருப்பது வேறு லைன், அங்கே என் சொல் செல்லாது. லைனில் போன் வைத்திருக்கக் கூடாது, லாக்கரில் பூட்டிவிடுவோம். அதனால் அவள் கிளம்பினாளா இல்லையா என்று கேட்கவும் வழியில்லை.

மாமா போடும் பின்னல்

எங்கள் சொந்த ஊர் கல்லாவி. அங்கே பள்ளியில் பெண்களுக்கு கோகோ, த்ரோபால் இரண்டும்தான் இருந்தன. ஒரு வருடம் பேஸ்பால் வந்தது. கூட்டம் குறைவான விளையாட்டு, சீக்கிரம் மாநில அளவுக்குப் போகலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். என் அக்கா கலா பிச்சர். நான் அவளுக்குக் கேட்சர். வீட்டில் அவள் தூக்கிப் போடுகிற சாமான்களை எல்லாம் பிடித்துப் பழகியவள் என்பதால் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

அக்கா வீசினால் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அவளைத் தவிர யாருக்கும் ஒழுங்காக வீச வராது. வேறு யாரையும் பழக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. எதற்கு, கலாதான் இருக்கிறாளே.

ஒரு போட்டியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களும் எல்லா ஆட்டத்தையும் அவளே வீசினாள். இரண்டாம் நாள் மத்தியானம் பந்தின் சத்தம் மாறியது. 'டம்' போய் 'தொப்' வந்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கோப்பை ஜெயித்தோம். பஸ்ஸில் வரும்போது அவள் அதை இடது கையால் அணைத்துக்கொண்டு வந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

அந்தத் தோள் அப்புறம் சரியாகவே இல்லை. எண்ணெய் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். இன்றைக்கும் அக்காவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கொடியில் துணி போட முடியாது, பரணில் இருந்து டப்பா எடுக்க முடியாது. தலை பின்னிக்கொள்ள முடியாது.

தினமும் காலையில் அக்காவைக் கட்டிய மாமாதான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறார். ஈரத் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, பல்லில் ரப்பர் பேண்டைக் கடித்துக்கொண்டு, மூன்று கால் பின்னல். ஊரில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நேர் வகிடு எடுக்கிறதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நான் ஊருக்குப் போனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வேன். அக்கா என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு, "வேகமா முடிடி, உங்க மாமா இன்னும் சீக்கிரம் பின்னுவாரு" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அதனால் நாகவேணி பந்து வீசினால் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் அவள் தோளையும் முழங்கையையும் பார்ப்பேன்.

நாகவேணி தேன்கனிக்கோட்டைக்கு உள்ளே, காட்டை ஒட்டிய ஒரு ஊர்க்காரி. ராகிக் கொல்லையில் கிளியையும் குரங்கையும் கல்லெறிந்து விரட்டி வளர்ந்த கை அது. யானையையும் அப்படித்தான் விரட்டுவீர்களா என்று ஹாஸ்டலில் ஒருத்தி கேட்டதற்கு, "யானைக்குக் கல்லெறிஞ்சா அது நின்னு பாத்துட்டு, நீ என்னாத்துக்கு இங்க நிக்கறன்னு கேக்கும்க்கா" என்றாள். யானை வந்தால் அவர்கள் வீட்டில் செய்வது கதவைச் சாத்திக்கொள்வது ஒன்றுதான்.

அவளுக்கு அந்தக் கைதான் எல்லாம். கம்பெனியில் ஸ்குரூ கன் பிடிக்கும் வேலை. நாள் முழுக்க வலது கையை நீட்டி, மடக்கி, நீட்டி, மடக்கி. கான்ட்ராக்டில் இருந்தவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு அடுத்த வாரம் மெடிக்கல். நர்ஸ் கையைத் தூக்கச் சொல்வார், மடக்கச் சொல்வார், அமுக்கிப் பார்ப்பார். தேறாவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள். கான்ட்ராக்ட் முடிந்தது, போய் வா என்பார்கள். ஊரில் அவள் அப்பா ஆனேக்கல் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, "வேலை நிரந்தரமானா இரு, இல்லன்னா வந்துடு" என்று சொல்லியிருந்தார். அவளுக்கு வந்துவிட விருப்பமில்லை.

இவ்வளவும் தெரிந்து ஏன் ஆடினாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நான் இல்லன்னா யாருக்கா வீசுவாங்க?" என்றாள். என் அக்காவும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ட்ரே யார் பக்கம்?

கம்பெனியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பார்க்காதவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் எழுந்து போய்விட முடியாது. உங்கள் இடத்துக்கு வரவேண்டியவள் வந்து நிற்க வேண்டும். அவளுக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வரவில்லை என்றால் பசித்தாலும் பஸ் போனாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வந்தவளும் உடனே இடத்தைப் பிடுங்கிக்கொள்ள மாட்டாள். முன்னவள் கையில் ஒரு பீஸ் இருக்கும். அதை அவளே முடிப்பாள். பாதியில் பீஸைக் கை மாற்றுவது எங்களுக்குள் பெரிய அவமரியாதை. "உனக்கு முடிக்கத் தெரியாதா?" என்று கேட்ட மாதிரி.

ஆனால் முன்னால் இருக்கும் ட்ரே வேறு விஷயம். அதில் பாதி முடித்தது, முடிக்காதது எல்லாம் கலந்து கிடக்கும். ரிலீவர் இடது கையால் அந்த ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இழுத்துவிட்டால் அதற்குள் இருக்கிற நல்லது, கெட்டது, ரிஜெக்ட் எல்லாம் அவளுடையது. முன்னவள் செய்த தப்பாக இருந்தாலும் திட்டு இவளுக்குத்தான். எந்தச் சட்டத்திலும் இது இல்லை, எந்த லீடரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குள் நாங்களே வைத்துக்கொண்டது.

இந்தப் பழக்கத்தை நாங்கள் மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அங்கேதான் வந்தது வினை.

அதற்கு முந்தைய போட்டி ஒன்றில், ஒரு பேட்டருக்கு இரண்டு பந்து வீசிய நிலையில் டீச்சர் நாகவேணியை இறக்க நினைத்து சத்யாவை அனுப்பினார். சத்யா ஓடி வந்தாள். வந்தவள் பந்தை வாங்காமல், பிச்சர் நிற்கும் மேட்டுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்க ஒடுக்கமாக நின்றுவிட்டாள். நாகவேணியும் எதுவும் நடக்காதது போல அடுத்த பந்துக்குத் தயாரானாள். சேலத்தில் இருந்து வந்திருந்த அம்பயர் பார்த்தார்.

"யாரும்மா வீசப்போறது? ரெண்டு பேரும் நின்னா எப்படி?"

"அவங்க கையில இருக்கறத முடிச்சிக்கட்டும் சார். அப்புறம் நான் வாங்கிக்கறேன்" என்றாள் சத்யா.

அம்பயருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பந்து இன்னும் கை மாறவில்லை என்பதால், போதும் இந்தக் கூத்து என்று சத்யாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். நாகவேணியே கடைசி வரை வீசினாள், தோற்றோம். அவளுடைய முழங்கை வலி தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகுதான் நான் டீச்சரை நச்சரிக்க ஆரம்பித்தேன். கொட்டாய்க்கு ஆள் சேருங்கள், இரண்டு பேர் போதாது. டீச்சர் நல்லவர், ஆனால் பிடிவாதக்காரர். "ஒரு நல்ல பிச்சர் இருந்தா போதும் ராஜி. நீ கவலைப்படறதுக்குன்னே பொறந்திருக்க" என்பார். நல்ல பிச்சர் இருப்பதுதான் ஆபத்து என்று அவருக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்? நல்லவள் ஒருத்தி இருந்தால் எல்லோரும் அவள் மேலேயே சாய்ந்துவிடுகிறோம்.

வெள்ளை பஸ்கள்

சரி, இறுதி ஆட்டத்துக்கு வருவோம்.

நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால், நாகவேணியின் தலைக்கு நேர் பின்னால் மதில் சுவர். அதற்கு மேலே ஹைவேயில் போகிற வண்டிகளின் மண்டை மட்டும் தெரியும். கர்நாடக எல்லைக்குப் போகும் லாரிகள், ரோஜாப் பூ ஏற்றிய வேன்கள், கம்பெனி பஸ்கள். எங்கள் பஸ் வெள்ளை. இந்த ஊரில் எல்லாக் கம்பெனி பஸ்ஸும் வெள்ளை. ஒவ்வொரு வெள்ளை மண்டை தெரியும்போதும் இதுதான் என்று நினைப்பேன். அது நிற்காமல் போய்விடும்.

'தொப்.'

பேட்டர் அடித்தாள், முதல் பேஸில் போய் நின்றாள். மூன்று பேஸையும் தொட்டுவிட்டு, அடித்த இடத்துக்கே வீடு திரும்பினால்தான் ஒரு ரன். அடுத்தவளுக்கு நாகவேணியின் நாலு பந்து எங்கெங்கோ போனது, விதிப்படி அவளும் சும்மா நடந்து பேஸுக்குப் போனாள். நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். மாஸ்க் வாரை இறுக்கினேன். முழங்கால் கவசம் கழன்றுவிட்டதாகச் சொல்லி அதையும் கட்டினேன். நேரம் கடத்த ஒரு கேட்சர் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்தேன். அம்பயர் குனிந்து, "ஏம்மா, கல்யாணத்துக்கா கெளம்பற?" என்று கேட்டார்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். நீலக் கோட்டு, தலையில் கம்பெனி வலைத் தொப்பி. சத்யா.

அவளுடைய ரிலீவர் வந்த பஸ் எல்லையில் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். ரிலீவர் வரும்வரை இவள் மெஷினை விட்டு நகர முடியவில்லை. இங்கே நாகவேணி நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தாள், அங்கே இவள். இதெல்லாம் அப்புறம் தெரிந்த கதை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வந்துவிட்டாள், ஆனால் கை குளிர்ந்திருக்கிறது. சூடு செய்யாமல் மேட்டில் ஏற்றினால் நாகவேணியின் முழங்கைக்குப் பதில் சத்யாவின் தோள் போகும்.

கௌரம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். தோளில் ஐஸ் பை தொங்க, கொட்டாயில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏய், ரா ரா, வீசு" என்றாள். சத்யா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வீசினாள். கௌரம்மாவால் திருப்பி எறிய முடியாது. பந்தைத் தரையில் உருட்டிவிட்டாள்.

நாகவேணி அடுத்த பேட்டரை எப்படியோ அவுட் ஆக்கினாள். ஆனால் அதற்குள் பேஸில் நின்ற இரண்டு பேரும் ஒவ்வொரு பேஸ் முன்னால் போய்விட்டார்கள். இரண்டாவதில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. பந்து வீசி முடித்த நாகவேணியின் கை உடனே கீழே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் மடங்கியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

எனக்கு அது போதும். டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், அவளை இறக்கிடுங்க."

"இன்னும் ரெண்டு அவுட்டு ராஜி. தள்ளிடுவா. சத்யா இப்பத்தான் வந்தா, அவளை நம்பி ஃபைனல விடச் சொல்றியா?"

"அவளுக்கு அடுத்த வாரம் மெடிக்கல்."

"எனக்குத் தெரியாதா? அவளையே கேளு, போறேன்னு சொல்லட்டும்."

"அவ சொல்லமாட்டா டீச்சர்."

நான் மாஸ்க்கைக் கழற்றி அவர் பக்கத்தில் பெஞ்சில் வைத்தேன்.

"இனி அவ வீசுனா நான் உக்காரமாட்டேன். வேற யாரையாவது உக்கார வைங்க."

வேறு யாரும் இல்லை. கேட்சருக்கு மாற்று ஆள் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும், கவலைப்படவே பிறந்த எனக்கும்கூட, அதுவரை தோன்றியதில்லை. டீச்சர் மாஸ்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எடுத்து மாட்டு" என்று சொல்லிவிட்டு, கொட்டாயைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

கையில் பீஸ் இருக்கா?

சத்யா மேட்டுக்கு வந்தாள். நானும் போனேன். நாகவேணி பந்தைக் கிளவுஸுக்குள் வைத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பேடக்கா, வேண்டாம். ரெண்டு பேரு நிக்கறாங்க. அவங்க என் பீஸு. பாதியில விட்டுட்டு எப்படிப் போவேன்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. அம்பயர் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

சத்யாதான் பேசினாள். லைனில் பேசுகிற அதே குரல்.

"வேணிக்கா, கையில பீஸு இருக்கா?"

நாகவேணிக்குப் புரியவில்லை.

"இப்ப ஒருத்திய அவுட் பண்ணிட்ட. அடுத்தவ இன்னும் வரவேயில்ல. கையில ஒண்ணுமில்ல. பேஸ்ல நிக்கறது பீஸு இல்லக்கா, ட்ரே." இடது கையை நீட்டி, காற்றில் எதையோ பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்தாள். "இழுத்துட்டேன். இனிமே என்னுது. நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

எந்த பஸ்? அவளுக்கே தெரியாது. லைனில் சொல்லிச் சொல்லி வாயில் வந்துவிட்டது. நாகவேணி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தைச் சத்யாவின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கௌரம்மா தன் தோளில் இருந்த ஐஸ் பையை அவிழ்த்து அவள் முழங்கையில் கட்டினாள்.

இந்த இடத்தில் சத்யா மிச்சம் இரண்டு பேரையும் அடுத்தடுத்து அவுட் ஆக்கி ஜெயித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவளுடைய மூன்றாவது பந்தையே பேட்டர் அடித்துத் தள்ளினாள். பந்து மதில் ஓரம் வரை உருண்டது. பேஸில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஒரு ரன் முன்னால் இருந்த நாங்கள் ஒரு ரன் பின்னால் போனோம். அதன் பிறகு சத்யாவின் பந்து 'டம்' 'டம்' என்று விழுந்தது, கடைசி வரை வேறு யாரையும் வீடு சேர விடவில்லை. ஆனால் நாங்களும் அடிக்கவில்லை. ஒரு ரன்னில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது ஸ்கோரர் மேஜைப் பக்கம் சத்தம் கேட்டது. சத்யா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. பிச்சர் மாறும்போது பேஸில் நிற்பவர்கள் யார் வீசும்போது ஏறினார்களோ, அவர்கள் எடுக்கும் ரன் அந்தப் பழைய பிச்சர் கணக்கில்தான் சேரும். ஆக அந்த இரண்டு ரன்னும் நாகவேணி பெயரில். தோற்ற பிச்சர் என்ற பெயரும் அவளுக்கே.

"அவங்க பேர எடுங்க சார். அது என்னுது. நான் இழுத்துக்கிட்டேன்."

"ரூல் அப்படித்தாம்மா. யார் வீசுனா எனக்கென்ன, ரன்னு அவங்களுது."

"அதெப்படி சார்? ட்ரே என் பக்கம் வந்துடுச்சில்ல?"

ஸ்கோரர் என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை. நான் சத்யாவைத் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். பேஸ்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தவன் ஒரு நாள்கூட ஷிஃப்ட்டில் வேலை பார்த்திருக்கமாட்டான் என்றாள்.

நர்ஸ் அறை வாசல்

டீச்சர் அன்று என்னிடம் பேசவில்லை. நாகவேணியே வீசியிருந்தால் ஜெயித்திருப்போமா? தெரியாது. இன்றைக்கும் படுத்தால் அந்தக் கேள்வி வரும். ஜெயித்திருக்கவும் கூடும். அந்தக் கோப்பையை அவள் இடது கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கவும் கூடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போது எங்கள் கொட்டாயில் ஐந்து பேர் இருக்கிறார்கள். கேட்சருக்கும் மாற்று ஆள் உண்டு. டீச்சரே ஷிஃப்ட் பார்த்து ஆள் பிரிக்கிறார். காலை ஷிஃப்டில் இருவர், மதிய ஷிஃப்டில் இருவர், விடுமுறையில் ஒருத்தி. எவளுடைய கை ஓய்ந்தாலும் வாங்கிக்கொள்ள இன்னொருத்தி நிற்கிறாள். கடைசி இன்னிங்ஸில் எதிர் அணியின் ஒரே பிச்சர் தள்ளாடும்போது, எங்கள் பக்கம் புதுக் கை ஒன்று ஏறும். முன்பு தோற்ற ஆட்டங்களை இப்போது அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறோம். கோப்பையும் வந்தது. அந்தக் கதையில் கவலை குறைவு, அதனால் எனக்கு எழுதவும் அவ்வளவு வராது.

நான் சொல்ல வந்தது அந்த மெடிக்கல் நாளை.

நாகவேணியின் முழங்கை ஆட்டத்துக்கு மறுநாள் வீங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் வடிந்தது. ஹாஸ்டலில் மாறி மாறி ஐஸ் வைத்தோம். அந்த வாரம் அவளுக்கு ரிலீவர் சத்யாதான், தினமும் சீக்கிரமே போய் அவளை லைனில் இருந்து விடுவித்துவிட்டாள். கேட்டால், "ரிலீவர் முன்னாடி வரக்கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்றாள்.

மெடிக்கல் அன்று என் டீ இடைவேளையில் நர்ஸ் அறை வாசலுக்குப் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே நர்ஸ் ஏதோ சொல்வதும், நாகவேணி 'உம்' 'உம்' என்பதும் கேட்டது. டெட்டால் வாசனை. கையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. இடைவேளை முடியும் மணி அடித்தது. நான் போகவில்லை.

கதவு திறந்தது. நாகவேணி வந்தாள். பரிசோதனைக்காகத் தொப்பியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. லைனுக்குத் திரும்ப வேண்டும் என்றால் முடியை அள்ளிக் கட்டித் தொப்பிக்குள் போட வேண்டும். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். முடியை வாரிச் சேர்த்தாள், முறுக்கினாள், சுற்றினாள். ரப்பர் பேண்டை எடுத்துப் போட்டு இறுக்கினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"என்னக்கா அப்படிப் பாக்கற? ஆயிடுச்சி. ஓகேன்னு சொல்லிட்டாங்க."

நான் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்லடி" என்றேன். "அதை அவுத்துட்டு, இன்னொரு தரம் கட்டு."